மூச்சுவழிக்கு ஒரு வழிகாட்டி: கடைசிப் படி எங்கே?

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். முழு மயக்கத்தில் பெரும்பாலும் நாமாக மூச்சுவிட இயலாது. குரல்வளை வழியே குழாய் இறக்கி ஆக்சிஜன் ஊட்ட வேண்டும். குழாய் இறங்க மறுத்தால் சில நிமிடங்களில் மூளை பழுதாகிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016 டிசம்பரில் சில நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றுள் பெரியவர்களுக்கான ஏட்டை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஏட்டின் சிறப்பு அதன் கட்டுப்பாடு. குரல்வளையை நோக்கிக் குழாய் செலுத்தும் முயற்சி மூன்று முறைக்கு மேல் கூடாது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 95 விழுக்காடாவது இருந்தால்தான் மறுமுயற்சி. குரல்வளைக்கு மேலே அமரும் சாதனத்துக்கு இரண்டு வாய்ப்பு. இதற்கிடையே மூக்கு வழியே ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் பலிக்காவிடில், கழுத்தின் முன்புறச் சவ்வைத் திறந்து வழி செய்ய வேண்டும். 'இன்னும் ஒரே ஒருமுறை' என்னும் பிடிவாதம் தொண்டையை வீங்கச் செய்து ஆளைக் கொன்றுவிடும். அந்தப் பிடிவாதத்துக்கு எண்ணால் அணை கட்டியது பாராட்டத்தக்கது.

இனி, ஒரு நோயாளியைக் கற்பனை செய்து ஏட்டை உரசிப் பார்ப்போம். போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பேறி, போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளி அவர். ஈராண்டாகக் குரல் கம்மியிருக்கிறது. மூச்சில் சீழ்க்கை ஒலி. தோட்டத்துத் தூசி, மலைக்குளிர், பீடி என்று காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆஸ்துமா என்று மருந்தும் தின்றாயிற்று. உண்மையில் அவருடைய மூச்சுக்குழலில் படிந்திருப்பது அமிலாய்டு.

அயோடின் பட்டதும் மாவுப்பொருளைப் போல் நிறம் மாறியதால் 1854இல் விர்ச்சோ இப்பெயரிட்டார். பெயர்தான் மாவு, பொருள் புரதம். உருக்குலைந்து மடிந்த புரத இழைகள் திசுக்களில் படிகின்றன. சிறு துண்டு எடுத்துக் காங்கோ சிவப்புச் சாயமேற்றி முனைவாக்கிய ஒளியில் நோக்கினால் ஆப்பிள் பச்சையாக மின்னும். மூச்சுவழியில் இது அரிய நோய். ஆயினும் மயக்க மருத்துவருக்கு இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. படிந்த இடம் எளிதில் நொறுங்கி இரத்தம் கசியும். குரல்வளை அகலமாகத் தெரிந்தாலும், அதற்குக் கீழே வழி குறுகியிருக்கலாம்.

இப்போது ஏட்டின் கடைசிப் படியைப் பாருங்கள். கழுத்துச் சவ்வைத் திறப்பது அடைப்பு அதற்கு மேலே இருந்தால்தான் உதவும். அடைப்பு கீழே இருந்தால் வீண். மூன்று முயற்சி என்ற வரம்புகூட, தொட்டாலே கசியும் தொண்டைக்கு மிகத் தாராளம்.

ஏட்டின் தலைப்பே எதிர்பாராத இடர்ப்பாடு பற்றியது. சொல்லாததற்குக் குறை கூறலாமா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமே. ஆனால் கண்டுபிடிக்கப்படாத அமிலாய்டு எதிர்பாராதது அல்லாமல் வேறென்ன? குடலிறக்க அறுவைக்கு வந்து படுத்தபின்தான் அது வெளிப்படுகிறது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். வெப்பப் புகையை உள்ளிழுத்த தொண்டை மணிக்கணக்கில் வீங்கும். அங்கே தாமதமே எதிரி. அமிலாய்டோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்வது. குரல் கம்மியதை ஒருவர் பொருட்படுத்திக் கேட்டால், சி.டி. படம் எடுத்துக் குறுகலை அளக்கலாம். இரத்தம் உறைகிறதா, இதயத்திலும் அமிலாய்டு படிந்துள்ளதா என்று சோதிக்கலாம். உணர்வு மரக்கச் செய்யும் மருந்தைத் தொண்டையில் தெளித்து, நோயாளி விழித்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே நுண்ணிழைக் கருவியின் துணையோடு சிறிய குழாயைப் பதமாக இறக்கலாம். குறுகல் கீழே இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் விறைப்பான உள்நோக்கியுடன் அருகில் நிற்க வேண்டும். எனவே முடிந்தால், அறுவையையே தேனி மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ மாற்றிவிடுவது நல்லது.

ஏட்டின் அடியில், நேர்ந்ததைப் பதிவு செய்து நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும் என்றொரு குறிப்பு வருகிறது. என் கணிப்பில் அது ஒரு முழுப் பக்கத்துக்கு உரியது. நம் தொழிலாளி அடுத்த முறை மலைக்கு அப்பால், கேரளத்து மருத்துவமனை ஒன்றில் படுக்க நேரலாம். கோப்பு இங்கே இருக்கும். தொண்டை அங்கே இருக்கும். 'குரல்வளைக்குக் கீழே குறுகல், இரத்தம் கசியும், சிறிய குழாய் போதும்' என்று ஓர் அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தனுப்ப, பேனா ஒன்று போதும்.