பல்பட்டை வளைய அன்டெனா: ஒரு மதிப்பீடு

அமெச்சூர் வானொலியில் 'லூப்' என்ற ஒரே பெயரில் இரு வேறு அன்டெனாக்கள் புகழப்படுகின்றன. ஒன்றின் நற்பெயரை மற்றதற்கும் சூட்டிவிடுவதே குழப்பத்துக்குக் காரணம்.

முதலாவது முழு அலை வளையம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 43 மீட்டர் கம்பி வேண்டும். சதுரமாகக் கட்டினால் பக்கத்துக்கு 10.8 மீட்டர். அதே கம்பி 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு அருகிலும் ஒத்திசையும். பெருமாநல்லூர்ப் பக்கம் வாகாக நான்கு தென்னைகள் வைத்திருப்பவருக்கு இது மலிவானது, நம்பகமானது. பத்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் மேல்நோக்கியே செல்லும். பகலில் சென்னையுடனோ கொச்சியுடனோ பேச அது நன்று. ஐரோப்பாவை எட்டுவது கடினம்.

இரண்டாவது, மொட்டைமாடிக்காரர்கள் நாடும் ஒரு மீட்டர் விட்டச் செப்புக்குழாய் வளையம். 'எல்லாப் பட்டையிலும் இயங்கும்' என்று இதைப் பற்றிச் சொல்லப்படுவது பாதி உண்மையே. 14 மெகாஹெர்ட்ஸில் இதன் கதிர்வீச்சுத் தடை சுமார் 0.1 ஓம், 7 மெகாஹெர்ட்ஸில் வெறும் 0.006 ஓம். 22 மி.மீ. குழாயின் இழப்புத் தடையோ அங்கே அதைப்போல் ஐந்து மடங்கு. ஆகவே செலுத்தும் திறனில் ஆறில் ஒரு பங்குகூட அலையாக வெளியேறாது; மீதி குழாயைச் சூடாக்கும். 100 வாட் கொடுத்தால் மின்தேக்கியில் 5,000 வோல்ட்டுக்கு மேல் எழும். குழந்தைகள் நடமாடும் மாடியில் இது விளையாட்டல்ல.

ஆனால் கேட்பதற்கு இச்சிறு வளையம் உதவும். பனியன் கம்பெனியின் மோட்டார் இன்வெர்ட்டர்கள் எழுப்பும் இரைச்சல் ஒரே திசையிலிருந்து வந்தால், வளையத்தைத் திருப்பி அதை அடக்கலாம். நாற்புறமும் கம்பெனிகள் இருந்தால் எப்பக்கம் திருப்பியும் பயனில்லை.