கணக்கும் அச்சமும்

யாழ்ப்பாணத்தான் கணக்கிற் புலி என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பெருமை. பொறியியலாளரையும் மருத்துவரையும் கணக்காளரையும் எண்ணிக்காட்டி இப்பெருமையை நிலைநாட்டுவோர் உளர். குப்பிவிளக்கொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த போர்க்காலப் பிள்ளைகளின் கதையும் இதற்குச் சான்றாகக் கூறப்படுவதுண்டு. இக்கதைகள் பொய்யல்ல, ஆயின் இவை வென்றவர்களின் கதைகள். அதே வகுப்பறையின் பின்வாங்கில் அமர்ந்து, கணிதபாட மணி ஒலித்ததும் வயிறு கலங்கிய பிள்ளையின் கதையை நம்மிற் பலர் எழுதிவைக்கவில்லை.

இப்பிள்ளையின் அச்சம் எங்கிருந்து வந்தது? 'மூளை போதாது' என்பார் சிலர். 'கணக்கு வராத குடும்பம்' என்பார் வேறு சிலர். இரண்டும் ஒரே கூற்றின் இரு வடிவங்களே. சமுதாயத்தில் விளைந்த ஒன்றைப் பிறவியின் மேற் சுமத்துவது நம் பழைய நோய். கணிதத்தை அறிவாகக் கற்பியாது, ஆட்களைச் சலித்தெடுக்கும் அரிதட்டாகப் பயன்படுத்தியதே இவ்வச்சத்தின் ஊற்று என்பது நம் கருத்து. வரலாறு இதனை ஓரளவு விளக்குகிறது.

1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியில் கணிதமும் வானியலும் முதன்மையான பாடங்களாக இருந்தன. 1829 மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணத்தை முன்னிட்டு, உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்பையும் செமினறியின் கணிப்பையும் அதிபர் டானியல் பூவர் ஒப்புநோக்கச் செய்தார். கிரகணத்தின் நேரத்திலும் அளவிலும் பஞ்சாங்கம் பிழைத்தது. இதில் மதப்பிரசார நோக்கம் இருந்ததென்பது வெளிப்படை. ஒருசாராரின் கல்வியைத் தாழ்த்துதற்குக் கணிதம் கருவியாயிற்று. ஆயினும் இந்நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அன்றிரவு தீர்ப்பளித்தவர் அதிபருமல்லர், சாத்திரியாருமல்லர்; வானத்துச் சந்திரனே. எவருடைய கணக்கையும் எவரும் சோதித்துப் பார்க்கலாம் என்னும் சனநாயகப் பண்பு கணிதத்தின் உயிர்நாடி. நாம் இழந்து நிற்பது இதனையே.

அச்செமினறியில் உருவான கரோல் விசுவநாதபிள்ளை, 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். செமினறி மூடப்பட்டதும் அதே ஆண்டிலேதான். இரண்டாண்டுகள் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக சி. வை. தாமோதரம்பிள்ளையும் இவரும் வெளிவந்தனர். ஒருவர் பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்துப் புகழ்பெற்றார். மற்றவர், உயர்கணிதத்தைத் தாங்கும் வலு நம் மொழிக்கு உண்டென்று காட்டினார். முன்னவரை நாம் கொண்டாடுகிறோம். பின்னவரின் நூல் நம் கணித ஆசிரியர்களிற் பலர் கண்டிராத ஒன்று. இன்று கணிதம் தமிழிலேதான் கற்பிக்கப்படுகிறது. ஆனால் 'தேற்றம்', 'நிறுவல்' என்னும் சொற்கள் பிள்ளையின் வாயில் மந்திரம்போல் ஒலிக்கின்றன. மொழி தாய்மொழியானால் மட்டும் போதாது. விளக்கமும் பிள்ளையின் வாழ்விலிருந்து எழுதல் வேண்டும்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, ஏழையின் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. ஆயினும் உள்ளே இடம் சிறிது. வறண்ட நிலத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நம்பி வாழ்ந்த குடாநாட்டில், பல்கலைக்கழக அனுமதி ஒரு குடும்பத்தின் தலைவிதியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் ஏழை மாணவருக்கு வாய்ப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. மொழியை வைத்துப் புள்ளி வேறுபடுத்திய அநீதியோ ஆறாப் புண்ணாயிற்று. அப்புண்ணின் வலி வகுப்பறைக்குள்ளும் புகுந்தது. ஒவ்வொரு புள்ளியும் உயிர்ப் பிரச்சினையாகவே, 'விரைவாகச் செய், பிழைவிடாதே' என்பதே கற்பித்தலின் முறையாகிவிட்டது.

இவ்விரைவின் சந்தையே ரியூட்டரி. பாடசாலை முடிந்ததும் பிள்ளைகள் அங்கு ஓடுகின்றனர். 'அங்கே படிப்பார்கள்தானே' என்று பாடசாலை தளர்கிறது. 'பாடசாலையிற் படித்திருப்பார்கள்தானே' என்று ரியூட்டரி விரைகிறது. இவ்விரண்டுக்கும் இடையில், கட்டணம் கொடுக்க இயலாத கடற்றொழிலாளியின் பிள்ளையும் கூலிவிவசாயியின் பிள்ளையும் விழுந்துவிடுகின்றனர். கணித அச்சத்துக்கும் வர்க்கம் உண்டு.

அச்சம் வெறும் மனச்சோர்வன்று. எண்களை மனத்தில் இருத்திக் கையாளும் நினைவின் பகுதியையே கணித அச்சம் கவர்ந்துகொள்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளரான ஆஷ்கிராஃப்டும் கெர்க்கும் 2001இல் சோதனை வாயிலாகக் காட்டினர். அஃதாவது, அஞ்சும் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கும் அவ்வேளையில் வராது. கணிதத்துக்கு அஞ்சும் ஆசிரியைகளிடமிருந்து, 'கணக்கு ஆண்பிள்ளைகளுக்கே உரியது' என்னும் எண்ணம் சிறுமிகளைப் பற்றுவதையும், அதனால் அவர்தம் தேர்ச்சி குன்றுவதையும் 2010இல் பைலொக் குழுவினர் கண்டனர். ஆகவே பிள்ளையை அதட்டுவது மருந்தாகாது. அது நோயை வளர்ப்பது.

இனி, செய்யத்தக்கது யாது? ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்று எழுதும் பிள்ளைகள் பலர். சிவப்பு மையாற் குறுக்கே கோடிடுவது எளிது. அதற்குப் பதிலாக, 'ஐந்தில் இரண்டு அரையிலும் பெரிதா, சிறிதா?' என்று கேட்டுப் பார்க்கலாம். சிறிது என்று பிள்ளை காண்பான். அரையோடு ஒன்றைக் கூட்டியபின் அரையிலும் குறைந்தது எங்ஙனம்? தன் பிழையைத் தானே கண்டுபிடித்தவன் அதற்கு அஞ்சான். பின்னர் ஆறு பாத்தி கொண்ட ஒரு வெங்காயத் தோட்டத்தைக் கீறிக் காட்டுக. அரைத் தோட்டம் மூன்று பாத்தி. மூன்றிலொன்று இரண்டு பாத்தி. கூடி ஐந்து பாத்தி. ஆறில் ஐந்து என்னும் விடை பிள்ளையின் கண்முன் நிற்கும். பொதுப் பகுதியெண் என்பதும் மந்திரமாக இராது.

வாய்பாட்டையும் பயிற்சியையும் நாம் பழிக்கவில்லை. திண்ணைப்பள்ளியின் எண்சுவடி மனக்கணக்கில் வல்லவரை ஆக்கியது உண்மை. ஆனால் விளங்கியதைப் பயில்வது வேறு. விளங்காததை ஒப்பிப்பது வேறு. பிரசினத்தை விளங்கிக்கொள்ளல், வழி வகுத்தல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகளை ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் போல்யா 1945இல் வகுத்துரைத்தார். நம் வகுப்பறைகளில் மூன்றாவது படி மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இதற்கெல்லாம் ஆசிரியரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும், பெறுபேற்றைக் காட்டவேண்டும் என்னும் அச்சம் அவருக்கும் உண்டு. அஞ்சும் ஆசிரியரால் அஞ்சாத மாணவரை ஆக்கல் அரிது. ஆதலால் ஒரு வட்டாரத்துக் கணித ஆசிரியர்கள் மாதம் ஒருமுறையேனும் கூடி, மாணவர் விட்ட பிழைகளைப் பெயர் சொல்லாது முன்வைத்து, 'பிள்ளை ஏன் இவ்வாறு நினைத்தது?' என ஆராய்தல் வேண்டும். நேரக் கட்டுப்பாடற்ற சோதனைகளும் இடையிடையே நடைபெறுதல் வேண்டும். 'கெட்டிக்காரன்', 'மக்கு' என்னும் சொற்கள் வகுப்பறையை விட்டு நீங்குதல் வேண்டும். இவற்றுக்குப் பாடநேரத்தில் இடமளிக்கும்படி ஆசிரிய சங்கங்கள் கல்வித் திணைக்களத்திடம் கோருதல் வேண்டும். சம்பளக் கோரிக்கைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவரோடு ஒரே வாங்கில் அமர்வதை எதிர்த்து இக்குடாநாட்டிற் பாடசாலைகள் தீக்கிரையாயின. பெரும் போராட்டத்தின் பின்னரே சமஆசனம் கிடைத்தது. வாங்கில் இடம் கொடுத்துவிட்டுக் கரும்பலகையிலிருந்து ஒதுக்கிவைப்பதும் சமமின்மையே. பின்வாங்குப் பிள்ளை எழுந்து, 'ஐயா, இந்த வரி எப்படி வந்தது?' என்று அச்சமின்றிக் கேட்கும் வகுப்பறையை ஆக்குவது முற்போக்கு எண்ணங்கொண்ட ஒவ்வோர் ஆசிரியரின் கடமை.