ஸ்மெர்டியாகோவின் நோய், இவானின் விருந்தாளி

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனுக்கு வலிப்பு வரும். அப்போதுதான் நான் தஸ்தாயெவ்ஸ்கியின் 'அசடன்' படித்து முடித்திருந்தேன். வலிப்புக்கு முந்தைய நொடியில் மிஷ்கினுக்குக் கிடைக்கும் அந்தப் பேரொளி உனக்கும் தெரியுமா என்று அவனிடம் கேட்டேன். "வாந்தி வர்ற மாதிரி இருக்கும்டா, வேற ஒண்ணும் இல்ல" என்றான். எனக்கு ஏமாற்றம். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

மூன்றாம் ஆண்டில் ஒரே இரவில் அவனுக்கு நான்கு முறை வந்தது. மறுநாள் தெளிவாக இருந்தான், மெஸ்ஸில் சாப்பிட்டான், ரெக்கார்டு நோட்டு எழுதினான். அதற்கடுத்த நாள், மின்விசிறிக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லி கதவைத் தாழிட்டுக்கொண்டான். பேய் என்றார்கள் சிலர், கஞ்சா என்றார்கள் சிலர். அடுத்தடுத்து வலிப்புகள், நடுவில் ஓரிரு நாள் தெளிவு, பிறகு மனப்பிறழ்வு: மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த வரிசைதான் இது. அந்த நடுநாள் தெளிவுதான் கூட இருப்பவர்களை ஏமாற்றிவிடும். சிகிச்சையில் சில நாட்களில் மீண்டான்.

அதற்குப் பிறகு எனக்கு மிஷ்கின் மேல் இருந்த மயக்கம் குறைந்து, 'கரமாசவ் சகோதரர்கள்' பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. தஸ்தாயெவ்ஸ்கிக்கே வலிப்பு உண்டு. 1878 மே மாதம் அவருடைய மகன் அல்யோஷா, மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை, நீண்ட வலிப்பில் இறந்தான். தன் நோய்தான் பிள்ளைக்குப் போனது என்ற எண்ணம் அவரை நொறுக்கியது. அடுத்து எழுதிய இந்த நாவலில் பிள்ளையின் பெயரைக் களங்கமற்ற தம்பிக்கு வைத்தார். பிள்ளையின் நோயைக் கொலைகாரன் ஸ்மெர்டியாகோவுக்குக் கொடுத்தார். எந்த அப்பா இப்படிச் செய்வார்?

இங்கே வலிப்புக்கு ஒளிவட்டம் கிடையாது. ஸ்மெர்டியாகோவ் வலிப்பு வந்ததுபோல் நடித்து அதையே சாட்சியாக்கிக்கொள்கிறான். பிறகு நிஜமாகவே வந்து சாய்கிறான். சைத்தானைக் காண்பதோ இவான். இவர்கள் இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று ஊரே பேசுகிறது. ஒரே நோயாளிக்குள் இருக்கக்கூடிய இரண்டையும் நாவல் இரண்டு உடல்களில் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்மெர்டியாகோவைக் கடைசியாகச் சந்தித்துவிட்டு வரும் அதே இரவில்தான் இவானுக்கு அந்த விருந்தாளி வருகிறான். அதே இரவில்தான் ஸ்மெர்டியாகோவ் தூக்கில் தொங்குகிறான். இவ்வளவு நெருக்கமாக வைத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மருத்துவமும் ஒரு காலத்தில் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. வலிப்பும் மனச்சிதைவும் ஒன்றையொன்று விரட்டும் என்று நம்பி, 1934இல் ஹங்கேரியில் மெதுனா மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கற்பூர ஊசி போட்டு வலிப்பை வரவழைத்தார். 1963இல் லண்டனில் ஸ்லேட்டரும் பியர்டும் இரண்டும் சேர்ந்திருந்த 69 பேரைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வலிப்பு உள்ள பெரும்பாலானோருக்கு மனப்பிறழ்வு வருவதேயில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மற்றவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

தஸ்தாயெவ்ஸ்கி மருத்துவர்களிடம் கேட்டுத்தான் இவானின் காட்சியை எழுதினார். அதில் என்னை விடாமல் பிடித்திருப்பது சைத்தானின் பேச்சு அல்ல, ஒரு துண்டு. தலையில் ஈரத்துண்டை வைத்திருந்ததாக இவான் நினைக்கிறான். எடுத்துப் பார்த்தால் அது காய்ந்திருக்கிறது. விருந்தாளி மேல் வீசிய கோப்பை மேஜையிலேயே இருக்கிறது.

என் நண்பன் குணமான பிறகும் பல நாள் இரவில் எழுந்து, மின்விசிறியை அணைத்து, அது முழுசாக நிற்கும்வரை காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு மறுபடி போடுவான். நான் தூங்குவதுபோல் படுத்திருப்பேன்.