ஊரின் நினைவும் நாவலாசிரியரின் தேடலும்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அமைதியாக வாசிக்கப்பட்ட அந்நூல், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் ஆசிரியர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட நேர்ந்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான், அவன் கடவுள் அல்லன், ஆதலால் உயிர்த்தெழ மாட்டான் என்னும் பொருள்பட அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றமோ அவர் மீண்டும் உயிர்பெற்று எழுதட்டும் என்னும் கருத்தோடு தன் தீர்ப்பை முடித்தது. உயிர்த்தெழுதல் என்னும் சொல் இவ்வாறு நீதிமன்றம் ஏறியது இறையியலாருக்குத் தனியே சிந்திக்கத் தக்கது. நாம் இங்கு நோக்குவது வழக்கையன்று. அதற்கு முன்பே நிகழ்ந்த தேடலையே.

பெங்களூரிலுள்ள கலை நிறுவனம் ஒன்றின் நல்கையைப் பெற்றுத் திருச்செங்கோட்டைப் பற்றி ஆசிரியர் செய்திகள் திரட்டினார். அப்போது ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்று அழைக்கப்பட்ட மனிதரைக் குறித்து அறிந்தார். அச்சொல்லின் பின்னே சென்றதே கதையாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த காளியும் பொன்னாவும் பிள்ளையற்றோர். தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் முன்பின் அறியாத ஓர் ஆடவனைத் தெய்வமெனக் கொண்டு கருவுறலாம் என்னும் வழக்கம் இந்நாவலில் பேசப்படுகிறது. குடும்பத்தார் பொன்னாவை அங்கு அனுப்புகின்றனர். காளி அதனை அறியான்.

ஆவணம் எங்கே என்று எதிர்த்தோர் கேட்டனர். கேள்வி நியாயமானதே, ஆயினும் ஆவணம் என்பது எழுதத் தெரிந்தவரின் நினைவு மட்டுமே. நம் கையிலுள்ளவற்றையே எடுத்துக்கொள்வோம். 1827-இல் சேலத்தில் பணி தொடங்கிய இலண்டன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் காக்கப்பட்டுள்ளன. அவை இலண்டனிலுள்ள கமிட்டிக்கு எழுதப்பட்டவை. பள்ளிகளையும் உபதேசிமாரையும் அவற்றில் காணலாம். ஒரு குடியானவன் தன் தொண்டுப்பட்டியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆடுகளின் செருமலைக் கேட்டவாறே தன் குறையை எண்ணி உறங்காதிருந்த இரவை அவற்றில் தேடுதல் வீண். அவ்விரவுக்கு வாய்மொழியும் வட்டாரச் சொல்லுமே சான்று. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர். நாவலில் பட்டியும் பூவரசமரமும் மெய்யென நிற்பதற்கு அவ்வுழைப்பே காரணம்.

திருவிழாப் பகுதி நமக்கு அத்துணை நிறைவளிக்கவில்லை. தொண்டுப்பட்டியை உள்ளிருந்து எழுதிய கை, அவ்விரவின் கூட்டத்தை வெளியே நின்று எழுதுகிறது. உண்மையான ஊரின் பெயரையும் கோயிலையும் இட்டபின், கதை சாட்சியமாகவும் வாசிக்கப்படும். தம் பாட்டிமார் மீது ஐயம் விழுந்ததென வருந்திய பெண்களின் வேதனையைப் பொய்யென்று தள்ளலாகாது. நூலை எரித்ததையும் எழுதியவரை ஊரைவிட்டு அகலச் செய்ததையும் அவ்வேதனை நியாயப்படுத்தாது என்பது வேறு. (கதையில் வரும் கள்ளையும் சாராயத்தையும் பற்றி ஒரு சொல்: திருச்செங்கோட்டையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு வந்தது. அக்காலத்தை எழுதும் எவரும் இத்தேதிக்கு முன்னா பின்னா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

இங்கு ரூத்தின் புத்தகம் நினைவுக்கு வருகிறது. நியாயாதிபதிகள் காலத்துக் கதையைப் பிற்காலத்தில் எழுதியவர், பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கத்தைத் தம் வாசகருக்கு விளக்க வேண்டியிருந்தது (ரூத் 4:7). அதாவது அவரும் மறைந்துபோன வழக்கத்தைத் தேடி எழுதியவரே. ஊரின் பெயரை அவர் மறைக்கவில்லை. பெத்லகேம் என்றே எழுதினார். போவாஸின் களத்தில் கழிந்த இரவையும், ஒரு பெண் அங்கு வந்தது வெளியே தெரியலாகாது என்று போவாஸ் அஞ்சியதையும் (3:14) விடவில்லை. அவ்வழியிலேயே தாவீது பிறந்தான். அதனினும் இடர் மிக்க தாமாரின் பெயரை மத்தேயு தம் முதல் அதிகாரத்திலேயே வைத்தார். அக்குலத்தார் அந்நூல்களை எரித்ததாக நாம் வாசிக்கவில்லை.

ஆகையால் இந்நாவலைப் பிற சமயத்தாரின் ஒழுக்கத்துக்கு எதிரான ஆதாரமாகப் பிரசங்க மேடைக்குக் கொண்டு செல்ல விரும்பும் ஆயர் முதலில் ஆதியாகமம் 38-ஐ எடுத்து வாசிக்கட்டும். ஒரு நாவலைச் சான்றாக்கி அயலானைக் குற்றஞ்சாட்டுவது பொய்ச்சாட்சிக்கு மிக அருகிலுள்ளது. மேலும், நாவலின் உள்ளம் அத்திருவிழா அன்று. மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கப்பட்டு, ஊரார் வாய்க்கு அஞ்சி நடக்கும் பொன்னாவின் நிலையே அதன் உள்ளம். பெனின்னாளின் ஏளனத்தால் அழுது உண்ணாதிருந்த அன்னாளை அவளிடம் காண்கிறோம். நம் சபைகளில் குழந்தைத் திருமுழுக்கு நடைபெறும் ஞாயிறுகளில் கடைசி வரிசையில் அமர்ந்து, விருந்துக்கு நில்லாமல் வீடு திரும்பும் பெண்களும் உண்டு. அவர்களின் பெயர் நம் சபைப் பதிவேடுகளில் இருக்கிறது. அவர்கள் ஏன் நிற்கவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.