சொரசொரப்பு

என்னிடம் இருக்கும் பைப்புகளில் ஒன்றைக்கூட நான் பற்றவைத்ததில்லை. புகையிலை நெடியே ஒத்துக்கொள்ளாதவனுக்கு இத்தாலிய பைப்புகள் எதற்கு என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். திரி போடாமலே குத்துவிளக்கு சேர்க்கிறவர்கள் இல்லையா?

பைப் கடையும் கட்டைக்கு பிரையர் என்று பெயர். மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் புதராக மண்டும் செடி அது. வேருக்கும் தண்டுக்கும் நடுவே, மண்ணுக்குள், சேனைக்கிழங்கு மாதிரி ஒரு முண்டு திரளும். மேலே புதர் தீயில் கருகினாலும் முண்டு பிழைத்துத் துளிர்விடும். கலாப்ரியாவிலும் தஸ்கனியிலும் அதைத் தோண்டியெடுத்து, ஈரம் காயாமல் காத்து, ரம்பத்தில் அறுத்து, செம்புக் கொப்பரையில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். கசப்புச் சாறு முழுக்க இறங்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில், சில பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில், ஆறப்போடுவார்கள். அவசரப்பட்டால் கட்டை வெடித்துவிடும்.

மிலானுக்கு வடக்கே காந்தூ என்ற ஊர் இருக்கிறது. மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர். 1947-இல் கார்லோ ஸ்கோட்டி அங்கே காஸ்தெல்லோ பட்டறையைத் தொடங்கினார். அப்போது நல்ல பைப் என்றால் ஆங்கிலேய பைப்தான்: சிறியது, அடக்கமானது, ஒன்றுபோல் ஒன்று. ஸ்கோட்டி அந்த வடிவங்களையே எடுத்துச் சதை போட வைத்தார். கிண்ணம் அகன்றது, தண்டு தடித்தது. வாயில் வைக்கும் பகுதிக்குக் கருப்பு எபனைட்டுக்குப் பதில் அக்ரிலிக்கைக் கொண்டுவந்தார். பல்லுக்குக் கொஞ்சம் கடினம்தான். ஆனால் எபனைட் நாளாக ஆகப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். அக்ரிலிக் ஐம்பது வருடம் கழித்தும் கண்ணாடிபோல் இருக்கிறது.

சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பது வழவழப்பான, நேர்வரி ஓடும் பைப்புகளுக்கு. பிரையரின் இழைகள் முண்டின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடுகின்றன. இழையோடு சேர்த்து அறுத்தால் வரி தெரியும். குறுக்கே அறுத்தால் புள்ளி புள்ளியாகப் பறவைக்கண். பக்கங்களில் வரியும் உச்சியில் கண்ணும் விழும்படி கட்டையைத் திருப்பிப் பார்த்து நிறுத்துவதே பாதி வேலை. அழகுதான். ஆனால் அந்த அழகில் பெரும்பங்கு செடியுடையது.

எனக்குப் பிடித்தது சீ ராக். காஸ்தெல்லோவின் சொரசொரப்பான வகை, பெயருக்கேற்ற கடற்பாறை. வழவழப்பாக விட முடியாதபடி குழியோ புள்ளியோ உள்ள கட்டையைக் கைக்கருவியால் குத்திக் குத்திப் பிளவும் முகடுமாக்குவார்கள். மணலை வீசியடித்து அரிக்கும் முறையில் வேலை செய்வது மணல்; இங்கே மணிக்கட்டு. ஒரு சீ ராக்கைக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பாருங்கள். செய்தவர் எங்கே ஆழக் குத்தினார், எங்கே தண்டு நெருங்கியதும் கை தளர்த்தினார் என்று விரல் சொல்லும்.

அந்தப் பட்டறையில் வேலை பழகிய அஸ்கோர்த்தியும் ராதீச்சேயும், தாவொலி என்பவரோடு சேர்ந்து 1968-இல் காமினெத்தோவைத் தொடங்கினார்கள். மீசைதான் முத்திரை. காஸ்தெல்லோவின் கைப்பழக்கமும் கூடவே வந்தது. அவர்களுடைய பழைய சொரசொரப்பு பைப்புகள் இன்னும் முரட்டுத்தனமானவை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அஸ்கோர்த்தியும் ராதீச்சேயும் பிரிந்து ஆளுக்கொரு பட்டறை வைத்தார்கள். பேசரோ ஊரின் மாஸ்த்ரோ தே பாயா பட்டறை பைப்புகளில் வெள்ளிப்பூண், செதுக்கல் என்று அலங்காரம் அதிகம். எனக்கு அது கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி படும்.

பழையதை வாங்கும்போது இரண்டு சோதனை. துடைப்புக்குச்சி வாய்ப்பகுதியில் நுழைந்து முட்டாமல் கிண்ணத்தின் அடிக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்து, வெயிலில் பார்க்க வேண்டும். ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் மயங்கி ஒரு நேர்வரி பைப்பை வாங்கினேன். மறுநாள் வெயிலில் வரிகளுக்கு நடுவே பட்டி வைத்து அடைத்த குழி மூன்று தெரிந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மேசையிலிருக்கும் சீ ராக்கின் விளிம்பில் ஓரிடம் மட்டும் கருகியிருக்கிறது. வாய்ப்பகுதியில் ஒரு பல் தடம். யார் புகைத்தார் என்று தெரியாது. கருகல் இடப்பக்கம் இருப்பதால், தீக்குச்சியை எப்போதும் இடக்கையில் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.