‘கிவ் அப்’ பண்ணிட்டேன், டீச்சர்: ஃபிரேசல் வெர்ப் அட்டவணைகள் பற்றி ஒரு மதிப்பீடு



ஆங்கில ஃபிரேசல் வெர்ப்களைக் காலத்திற்கு ஏற்ப மாற்றிக் காட்டும் அட்டவணைகள் நம் புலனக் குழுக்களில் ஆண்டுதோறும் வலம் வருகின்றன. இடப்பக்கம் ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். எதிரே பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டு காலங்கள். ஈப்போவில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு நானும் பல ஆண்டுகள் இதை நகலெடுத்துக் கொடுத்தவள்தான். இந்த அட்டவணை எந்த அளவுக்கு உதவுகிறது என்று பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ‘கிவ், கேவ், கிவன்’ போன்ற ஒழுங்கற்ற வடிவங்கள் ஒரே தாளில் கிடைக்கின்றன. தேர்வுக்கு முதல் நாள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வசதி. அதற்கு மேல் எதிர்பார்த்தால்தான் சிக்கல்.

அட்டவணையைத் தடுமாறாமல் ஒப்புவித்த ஒரு மாணவன் கட்டுரையில் ‘எஸ்டர்டே ஐ கிவ் அப்’ என்று எழுதியிருந்தான். பக்கத்தில் இருந்த மாணவி ‘ஹி பிக் அப்ட் மீ’ என்று எழுதியிருந்தாள். “ஏன்பா, காலையிலதானே சரியா சொன்ன?” என்று கேட்டேன். “அது டேபிள், டீச்சர். இது எஸ்ஸே” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. அட்டவணை ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் இருக்கின்றன.

இந்தப் பிழைகளைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் பேச்சைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். ‘கிவ் அப் பண்ணிட்டேன்’, ‘கிவ் அப் பண்றேன்’, ‘கிவ் அப் பண்ணுவேன்’ என்கிறோம். காலம் முழுவதையும் ‘பண்ணு’ சுமக்கிறது. ‘கிவ்’ அசைவதே இல்லை. ‘கேவ் அப் பண்ணிட்டேன்’ என்று யாராவது சொல்கிறோமா? நேற்று நடந்ததற்கும் ‘கிவ்’ என்றே சொல்லிப் பழகிய நாக்கு, தாளிலும் அதையே எழுதுகிறது.

அந்த மாணவியின் பிழைக்குக் காரணம் வேறு. தமிழில் ‘எடுத்துக்கொள்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொள்வேன்’ என மாற்றும்போது ‘எடுத்து’ என்ற வினையெச்சம் அப்படியே நிற்கிறது. பின்னால் வரும் துணைவினைதான் காலம் காட்டுகிறது. அந்தப் பழக்கத்தில் அவள் ஆங்கிலத்திலும் கடைசிச் சொல்லைத் தேடிப் போய் ‘அப்’புக்கு ‘அப்ட்’ போட்டுவிட்டாள். மலாய் மொழியிலோ காலத்திற்காக வினையே மாறாது. ‘சுடா’, ‘செடாங்’, ‘அக்கான்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் போதும். நம் பிள்ளைகள் ஒரே நாளில் இந்த மூன்று ஒழுங்குகளுக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறார்கள்.

ஆகவே அட்டவணையின் தலையில் இருக்க வேண்டிய வரி இதுதான்: ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் வினை மாறும், பின்னால் நிற்கும் சிறு சொல் மாறாது. ‘டேக், டுக், டேக்கன்’ தெரிந்தவருக்கு ‘டேக் ஓவர்’, ‘டேக் ஆஃப்’, ‘டேக் அவே’ மூன்றும் தெரியும். நான் பார்த்த எந்த அட்டவணையிலும் இந்த வரி இல்லை.

அட்டவணை மறைத்துவிடும் செய்திகளும் உண்டு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அவுட்’ என்றால் அணை, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். இறந்த காலத்திலும் மூன்றுக்கும் ‘புட்’தான். இங்கே கடினம் காலத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது. அடுத்து, ‘பிக் ஹிம் அப்’ என்பது சரி, ‘பிக் அப் ஹிம்’ என்பது தவறு. ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ சரி. செயப்படுபொருளே இல்லாத கட்டங்கள் இதை எப்படிக் காட்டும்? இன்னொன்று, ‘லை டௌன்’ (படுத்துக்கொள்) என்பதன் இறந்த காலம் ‘லே டௌன்’. ‘லே ஆஃப்’ (வேலையிலிருந்து நிறுத்து) என்பதன் இறந்த காலம் ‘லெய்ட் ஆஃப்’. ஒரே ‘லே’ ஓரிடத்தில் இறந்த காலம், இன்னோரிடத்தில் நிகழ்காலம். பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

தேர்வும் கட்டம் நிரப்பச் சொல்வதில்லை. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள் சி.இ.எஃப்.ஆர். அளவுகோலை ஒட்டி அமைந்திருக்கிறது. வாசிப்புத் தாளில் ஒரு பத்தியின் இடைவெளிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்கள் எழுத வேண்டும். அங்கே கேள்வி ஒன்றுதான்: தொடங்கிய காலத்தில் கடைசிவரை நிற்க முடிகிறதா?

அதற்கு நான் இப்போது செய்வது இது. பேராக்கில் நம் மாணவர்கள் பலரின் தாத்தா, பாட்டி ரப்பர் தோட்டங்களில் மரம் சீவியவர்கள். “பாட்டி வளர்ந்த தோட்டம் என்னாச்சின்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க” என்று அனுப்புவேன். மறுநாள் அதை ஆங்கிலத்தில் எழுதுவோம். பாட்டி லயத்து வீட்டில் ‘க்ரூ அப்’. பால்மரங்களை ‘கட் டௌன்’. வேறு கம்பெனி ‘டுக் ஓவர்’. குடும்பங்கள் ‘மூவ்ட் அவுட்’. எல்லாமே நடந்து முடிந்தவை. காலம் தானாகப் பிடிபடுகிறது. பிறகு இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘தே ஆர் புட்டிங் அப் ஹவுசஸ்’ என்று நிகழ்காலமும் வந்துவிடும்.

“டீச்சர், ‘கட்’டு மாறாதா?” என்று அதே மாணவன் கேட்டான். அட்டவணையை ஒப்புவித்த நாளில் அவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. தன் பாட்டியின் கதையை எழுதும்போதுதான் வந்தது.

ஆசிரியர்களே, அடுத்த முறை இந்த அட்டவணையைப் பகிரும்போது அந்த ஒரு வரியை மேலே எழுதி, பன்னிரண்டு கட்டங்களை மூன்றாகக் குறைத்து, மீதி இடத்தை மாணவரின் சொந்த வாக்கியத்திற்கு விடுங்கள். மாணவர்களே, வாரம் ஐந்து ஃபிரேசல் வெர்ப் போதும். வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றோடு சேர்த்து எழுதுங்கள். ‘பண்ணிட்டேன்’ என்று வாய் சொல்லும்போதெல்லாம், ஆங்கிலத்தில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.