பில் போடும் கணினிக்கு விண்டோஸ் 11: ஒரு கடையின் மாற்றம்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் கணினி வழக்கம்போல ஆன் ஆகிறது, டேலி திறக்கிறது, பில் அச்சாகிறது. பல கடைகளில் யாரும் இதைப் பொருட்படுத்தாமல் இருக்கக் காரணம் அதுதான். 2017 மே மாதம் வான்னாக்ரை ரேன்சம்வேர் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இனி அப்படி ஒன்று பரவினால், திருத்தங்களை நீட்டிக்கும் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினிக்குத் திருத்தம் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

ஈரோட்டில் நண்பர் நடத்தும் ஜவுளி மொத்தக் கடையை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலையில் நானும் கூட இருந்தேன். புதிய விண்டோஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் தடையின்றி ஓடுகிறது. 4 ஜிபியில் திணறுகிறது. ஸ்டார்ட் பட்டனை இடப்பக்கம் தள்ளிவிட்டால் பழகிய கைக்குச் சிரமமில்லை. கொள்முதல் பில்லையும் டேலியையும் பக்கம் பக்கமாக நிறுத்தும் வசதி கணக்காளருக்கு உடனே பிடித்துப்போனது. கவனம் கேட்டதெல்லாம் அதைச் சுற்றியிருந்த வேலைகள்தான்.

முதலில் 'பிசி ஹெல்த் செக்' செயலியை எல்லாக் கணினியிலும் ஓட்டினோம். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். கணக்காளரின் பத்தாம் தலைமுறை ஐ3 கணினியே தகுதியில்லை என்று வந்தது. பார்த்தால், பயாஸில் டிபிஎம் அணைந்து கிடந்தது. இன்டெல் பயாஸில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும்; ஏஎம்டியில் எஃப்டிபிஎம். விண்டோஸும் பழைய லெகசி முறையில் போடப்பட்டிருந்தது. பேக்கப் எடுத்துக்கொண்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை மாற்றி, பயாஸில் யுஇஎஃப்ஐ, பிடிடி இரண்டையும் ஆன் செய்ததும் தேறிவிட்டது. 'தகுதியில்லை' என்ற ஒரு வரியை நம்பிப் புதுக் கணினி வாங்கிவிடாதீர்கள்.

குடோனில் இருந்த ஏழாம் தலைமுறைக் கணினிக்கு அந்த வழியும் இல்லை. எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் கணினியை ஒதுக்கச் சொல்வது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. ரூஃபஸ் போன்ற கருவியால் தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐப் போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வியாபாரக் கணக்கு இருக்கும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது. விண்டோஸ் 10-லேயே இருந்து பணம் கட்டித் திருத்தம் பெறும் திட்டம் நிறுவனங்களுக்குக் கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர். ஆண்டுதோறும் இரட்டிப்பாகி, மூன்றாண்டில் 427 டாலர். அந்தப் பணத்துக்கு வேறு கணினியே வாங்கிவிடலாம். மாறுவதற்கு அவகாசம் வேண்டுமென்றால் ஓராண்டுக்குக் கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய சிக்கல் நெட்வொர்க்கில் வந்தது. "டேட்டா ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குதுங்ண்ணா" என்று கணக்காளர் கூப்பிட்டார். டேலி டேட்டா ஒரு கணினியில் இருக்கும். மற்றவர்கள் பாஸ்வேர்டு இல்லாமலே அதைத் திறந்துகொண்டிருந்தார்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அப்படிப் பெயரில்லாமல் நுழைவதை ஏற்பதில்லை. இந்தப் பாதுகாப்பை ஒரே கட்டளையில் அணைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். டேட்டா இருக்கும் கணினியில் ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்டு வைத்தோம், சரியாகிவிட்டது. ஜிஎஸ்டிக்குக் கையெழுத்திடும் டோக்கனின் டிரைவர், அதற்கான எம்சைனர் செயலி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் டிரைவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்தது நல்லதாயிற்று.

நாளையும் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. ஆகவே 20 தாண்டியதும் தொடங்கினோம், அதுவும் முக்கியத்துவம் குறைந்த கணினியிலிருந்து. மார்ச் மாதத்தில் தொடவே கூடாது. இருந்த விண்டோஸின் மேலேயே மேம்படுத்தினால், பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். அதற்குள் எல்லா வேலையையும் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட வேண்டும்.

மிஞ்சியது கல்லாவில் இருந்த கணினி. அதில் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பழைய டாஸ் பில்லிங், 32-பிட் விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட்டில் அந்த 16-பிட் டாஸ் நிரல் ஓடாது. புது பில்லிங்கை வேறு கணினியில் தொடங்கி, நிலுவைகளை மட்டும் அங்கே ஏற்றினோம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் பழையதைத் தூக்கிப்போடவும் முடியாது. டேட்டாவை இரண்டு இடத்தில் நகலெடுத்து, லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய பில் பார்க்க மட்டும் அதை வைத்திருக்கிறார்கள்.